சப்டைட்டில் இல்லாத சொல்

எழிலரசி கிரைண்டரிலிருந்து உளுந்தை வழித்துக்கொண்டிருந்தபோது பசுபதி சமையலறைக்கு வந்து, “ரெண்டரைக்கு ஒரு படம் இருக்குது. வர்றியா?” என்று கேட்டான். கையெல்லாம் மாவாக அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் குளித்து, நீலச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தான். சனிக்கிழமை மதியத்துக்கு முன்னால் அவன் குளித்து அவள் பார்த்ததில்லை.

“என்ன படமுங்க?”

“சைனீஸ் படம். ஜெர்சி சிட்டில போடறாங்க. டிக்கெட் எடுத்துட்டேன்.”

“சண்டைப் படமுங்களா?”

“இல்ல. குடும்பக் கதைன்னுதான் போட்டிருக்குது.”

மாடிப்படியில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்த மகள் ஓவியா தலையைத் தூக்கினாள். “அப்பாவா? சைனீஸ் மூவியா? அம்மா, இஸ் ஹீ ஓகே?”

அவள் கேட்டதில் தப்பில்லை. அமெரிக்காவில் அவர்கள் குடியிருக்கிற எடிசன் ஊர்த் தியேட்டருக்குத் தமிழ்ப் படம் வந்தாலே இடைவேளைக்குப் பிறகு தூங்கிவிடுகிற மனிதன் பசுபதி. வங்கி ஒன்றில் மென்பொருள் வேலை. காலையில் ரயில், மாலையில் ரயில், ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டுவது, அம்மாவுக்குப் போன் பண்ணுவது. யாரிடமும் குரலை உயர்த்த மாட்டான். கல்யாண வீட்டுக்குப் போனால் கடைசிப் பந்தியில் உட்காருவான். ஆசைப்பட்டு எதையாவது கேட்டான் என்று எழிலரசிக்கு நினைவே இல்லை. கேட்காதவன் கேட்கும்போது காரணம் விசாரிக்கக் கூடாது என்று அவளுக்குப் பட்டது. மாவை இரண்டு பாத்திரத்தில் ஊற்றி உப்புப் போட்டுக் கலக்கி மூடி வைத்துவிட்டுப் புடவை மாற்றப் போனாள். பிறகு சீனப் படத்துக்குப் புடவை எதற்கு என்று சுடிதார் போட்டுக்கொண்டாள்.

காரில் அவன் பாட்டுப் போடவில்லை. டர்ன்பைக் நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பின்னாலேயே வலது ஓரத்தில் ஓட்டிக்கொண்டு போனான். நவம்பர் வெயில், சூடில்லாத வெயில். எழிலரசி ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு பல் டாக்டரிடம் ஃப்ரண்ட் டெஸ்க்கில் வேலை பார்க்கிறாள். பல்வலியோடு வருகிறவர்கள் பேசுவதை வைத்து எவ்வளவு வலி என்று சொல்ல முடியாது, பேசாமலிருப்பதை வைத்துச் சொல்லலாம் என்பது அவளுடைய அனுபவம். அவன் பக்கம் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியே எண்ணெய்த் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

படம் போட்டது ஒரு கல்லூரி அரங்கில். பாதிக்கு மேல் சீன மாணவர்கள், மீதி நரைத்த தலைகள். படத்தின் பெயர் ‘கம்பளி மில் ரோடு’. விளக்கை அணைக்கும் முன் ஒரு பெண் மேடையேறி, படத்தின் இயக்குநர் நியூயார்க் வந்திருப்பதாகவும் முடிந்ததும் பார்வையாளர்களிடம் பேசுவார் என்றும் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். பசுபதி சீட்டில் நகர்ந்து உட்கார்ந்து, “தண்ணி வேணுமா?” என்றான். “வேண்டாமுங்க” என்றாள். அவன் எழுந்திருக்கப் போனவன் போல முன்னால் சாய்ந்தான். அதற்குள் இருட்டாகிவிட்டது.

படம் அவளுக்குப் பிடித்திருந்தது. கடலெல்லாம் இல்லாத உள்நாட்டு ஊர். அரசாங்கக் கம்பளி மில், மில் சுவருக்குள்ளேயே வீடுகள், பள்ளிக்கூடம், பொதுக் குளியலறை. காலைச் சங்கு ஊதியதும் எல்லா வீட்டுக் கதவும் ஒரே நேரத்தில் திறந்தன. எழிலரசியின் அப்பா நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். அந்தச் சங்குக்கு அவள் கால் தானாகவே தரையில் ஊன்றியது. ஒருநாள் சங்கு ஊதவில்லை. மில்லை விற்றுவிட்டார்கள். அதில் வேலை பார்த்த ஒருவரின் மகள் சியாவ், கொடுத்த நஷ்ட ஈட்டைக் கொண்டு அமெரிக்காவுக்குப் படிக்க வருகிறாள். அவள் குடியிருக்கும் கட்டடத்தில் மேல்மாடியில் ஒருவன், அவனும் சீனாக்காரன்தான், வேறு மாகாணம். பெயர் காவ். அவன் எண்ணெயில் மிளகாய் வறுக்கப் போய், புகை எச்சரிக்கை மணி அடித்து, கட்டடமே பனியில் வந்து நிற்கிறது. காவ் இடுப்பில் ஒரு துண்டோடு நடுங்கிக்கொண்டு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறான். அரங்கம் சிரித்தது. எழிலரசியும் நன்றாகச் சிரித்தாள். நம்ம ஆளுங்க மாதிரியே இருக்கானுங்க என்று நினைத்தாள்.

பிறகு ஒரு காட்சியில், சியாவின் படிப்பு முடிய எத்தனை மாதம் என்று காவ் எண்ணிப் பார்க்கிறான். கட்டைவிரலை மற்ற விரல்களின் கணு கணுவாக நகர்த்தி எண்ணினான். அவளுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சீனப் பையன் தன் தோழியிடம் அதையே செய்து காட்டி என்னவோ கேட்டான். தோழி உதட்டைப் பிதுக்கினாள். எழிலரசிக்கு அது அதிசயமாகத் தெரியவில்லை. விரல்கணுவில் எண்ணாமல் வேறு எதில் எண்ணுவார்கள்?

அப்பாவுக்குப் பக்கவாதம் என்று சியாவ் ஊருக்குப் போகிறாள். ஒரு மாதத்தில் வந்துவிடுவேன் என்கிறாள். அங்கே ஊர் அவள் கண்ணெதிரே மாறுகிறது. சுவர்களில் வட்டம் போட்டு ஒரே எழுத்து. அதற்கு ‘இடிக்க’ என்று அர்த்தம் என்று கீழே வந்தது. போன் நம்பரெல்லாம் மாறுகிறது. நேற்று இருந்த தெரு இன்று இல்லை. அப்பாவை ஒவ்வொரு வீடாக மாற்றிக்கொண்டே போகிறாள். அமெரிக்காவிலிருந்து காவ் அடித்த போன் எங்கேயோ காலி வீட்டில் அடிக்கிறது. கடைசியில் அவன் புறப்பட்டு வருகிறான். பழைய முகவரி எழுதிய தாளைக் காட்டி ஒவ்வொருவராக விசாரிக்கிறான். கம்பளி மில் ரோடா, அப்படி ஒரு ரோடே இங்கே இருந்ததில்லையே என்கிறான் ஒரு இளைஞன். அங்கே ஒரு பெரிய ஷாப்பிங் மால் நிற்கிறது. அதன் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து காவ் நூடுல்ஸ் சாப்பிடுகிறான். கேமரா மெதுவாக ஒவ்வொரு மாடியாக மேலே போகிறது. ஐந்தாவது மாடியில் சியாவ் செல்போன் விற்றுக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான். அவன் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறான். எழிலரசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசிப் பகுதியில் சியாவுக்கு நாற்பது வயதுக்கு மேல். அப்பா இறந்துவிட்டார். இடிக்கப் போகிற இன்னொரு வீட்டைக் காலி செய்கிறாள். பாத்திரங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கும்போது ஃபிளாஸ்க்கின் மூடி கைதவறி விழுந்து, தரையெல்லாம் உருண்டு, கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்கிறது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “கெரகம்” என்கிறாள்.

முதலில் எழிலரசிக்கு ஒன்றுமே தோன்றவில்லை. மூடி விழுந்தால் அப்படித்தானே சொல்வார்கள். பிறகுதான் திரையின் கீழே எழுத்து எதுவும் வரவில்லை என்பதைக் கண்டாள். சுற்றிலும் யாரும் அசையவில்லை. வீட்டில் தினமும் கேட்கிற சொல். வைஃபை போனால், கார் சாவி கிடைக்காவிட்டால், பால் பொங்கி அடுப்பில் வழிந்தால். முதல் எழுத்தை அழுத்தி, கடைசி எழுத்தை விழுங்கி, எரிச்சலும் சிரிப்புமாக பசுபதி சொல்கிற அதே கெரகம். அவள் கழுத்தைத் திருப்பினாள். பசுபதி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, பள்ளிக்கூடத்துப் பையனைப் போல நேராக உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் படத்தின் வெளிச்சம் மாறி மாறி விழுந்தது.

விளக்குப் போட்டார்கள். இயக்குநர் மேடைக்கு வந்தாள். பெயர் ஃபாங் யுன். ஒட்ட வெட்டிய முடி, சாம்பல் நிறக் கோட்டு, பசுபதியின் வயது இருக்கும். மேடையில் வெளிச்சமும் பார்வையாளர்கள் பக்கம் அரையிருட்டுமாக இருந்தது. பட்ஜெட்டைப் பற்றி ஒருவர் கேட்டார். இன்னொருவர் தணிக்கையைப் பற்றிக் கேட்டார். அவள் நல்ல ஆங்கிலத்தில் நிதானமாகப் பதில் சொன்னாள். மாணவியாக இருந்தபோது இதே ஊரில் குடியிருந்ததாகச் சொன்னாள். அடுத்த கேள்வி யார் என்றபோது எழிலரசியின் கை மேலே போயிருந்தது. யார் தூக்கியது என்று அவளுக்கே தெரியவில்லை. பசுபதி அவள் முழங்கையைத் தொட்டான். ஆனால் இழுக்கவில்லை. மைக் வந்துவிட்டது.

“மூடி விழும்போது அந்தப் பெண் ஒரு சொல் சொல்கிறாள். அதற்கு சப்டைட்டில் இல்லை. அது என்ன சொல்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஃபாங் யுன் சிரித்துவிட்டாள். “சப்டைட்டில் எழுதியவர் என்னிடம் இதைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார். உண்மையில் எனக்கே அர்த்தம் தெரியாது. முன்பு எனக்குத் தெரிந்த ஒருவர் சொல்வார். ஏதாவது கைதவறினால், பஸ் போய்விட்டால். எனக்கும் தொற்றிக்கொண்டது. அர்த்தம் கேட்டு வைத்திருக்கலாம். கேட்க நிறைய நாள் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.”

மைக்கை வாங்கிக்கொள்ள ஒரு மாணவன் கை நீட்டினான். எழிலரசி கொடுக்கவில்லை.

“எனக்குத் தெரியும்,” என்றாள். “வானத்தில் இருக்கிற கிரகம். எங்கள் பக்கத்தில் எது தப்பாகப் போனாலும் அதைத்தான் திட்டுவோம். நம்மேல் தப்பில்லை, மேலே சுற்றுகிற கிரகத்தின்மேல்தான் தப்பு என்று.”

அரங்கம் சிரித்தது. மேடையில் இருந்தவள் சிரிக்கவில்லை. தன் மொழியில் ஒரு சொல்லை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள், கிரகம் என்பதாகத்தான் இருக்கும். பிறகு நெற்றியில் கையை வைத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு இருட்டுக்குள் பார்த்தாள்.

“உங்கள் பக்கம் என்றால் எந்த ஊர்?”

“கோபி.”

“கோபி பாலைவனமா?”

“இல்லை, இது வேறு கோபி. அங்கே நெல் விளையும்.”

மறுபடி சிரிப்பு. ஃபாங் யுன்னும் இப்போது சிரித்தாள். “நன்றி,” என்றாள். “இருபது வருடமாக யாரைத் திட்டுகிறேன் என்று தெரியாமலே திட்டிக்கொண்டிருந்தேன்.” கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பசுபதி குனிந்து ஷூ லேஸைச் சரி செய்துகொண்டிருந்தான். அவன் நிமிர்ந்திருந்தாலும் அந்த வெளிச்சத்தில் அவளுக்குத் தெரிந்திருக்குமா என்று சொல்ல முடியாது. தெரிந்தாலும், முன்னந்தலை வழுக்கையும் மூக்குக் கண்ணாடியுமாக இருக்கிற இந்த ஆளை அடையாளம் கண்டிருப்பாளா?

வெளிக்கூடத்தில் அவளிடம் பேச ஒரு சின்ன வரிசை நின்றது. எழிலரசி கோட்டை மாட்டிக்கொண்டு, “பேசோணும்னா பேசிட்டு வாங்க. நான் இங்க நிக்கறேன்,” என்றாள்.

அவன் வரிசையைப் பார்த்தான். “வேண்டாம்.”

“ஏனுங்க?”

“கூட்டமா இருக்குது.”

ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவளுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வெளியே ஐந்து மணிக்கே வெளிச்சம் இறங்கிவிட்டது. காற்று காதை அறுத்தது. கார் நிறுத்திய பக்கம் போகாமல் அவள் வேறு பக்கம் நடந்தாள். அவன் கூடவே வந்தான்.

“எப்பத்துல இருந்து தெரியுமுங்க, இது அந்தம்மா எடுத்த படம்னு?”

“போன வாரம். ஆபீஸ்ல ஒரு சைனீஸ் பையன் நோட்டீஸ் ஒட்டியிருந்தான். இந்தப் பேர்ல ஆயிரம் பேரு இருப்பாங்கன்னு நெனச்சேன். கீழ போட்டோ இருந்துச்சு.” கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “நேர்ல வர்றாள்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டேன்,” என்றான்.

“என்னைய எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க? நீங்க மட்டும் வந்திருக்கலாமே.”

சிக்னலில் நின்றார்கள். நடக்கலாம் என்று வெள்ளை விளக்கு வந்து, மறுபடி சிவப்பாகிவிட்டது. இருவரும் கடக்கவில்லை.

“தனியா வந்தா உனக்குத் தெரியாம வந்த மாதிரி ஆயிரும்னு இருந்துச்சு, அரசி.”

“கூட்டிட்டு வந்தும் எனக்குத் தெரியாமத்தானுங்க வந்தீங்க.”

“ம்,” என்றான்.

அவன் சொன்னது அதிகமில்லை. ஒரே கட்டடம், அவள் இரண்டாவது மாடி, இவன் மூன்றாவது. இவன் தாளித்த மிளகாயில்தான் மணி அடித்தது. லுங்கியோடு பனியில் நின்றான். ஒன்றரை வருடப் பழக்கம். அவள் அப்பாவுக்கு முடியாமல் போனது, அவள் போனது, போன் நின்றது எல்லாம் படத்தில் வந்த மாதிரிதான். சொல்லும்போது குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ரயில் தாமதமானதைச் சொல்வதுபோலச் சொன்னான். எழிலரசி தனக்குக் கோபம் வருமென்று எதிர்பார்த்துக்கொண்டே கேட்டாள். வரவில்லை. தனக்கு முந்தைய கதை, எந்த மனிதனுக்கும் இருப்பதுதான். உறுத்தியது வேறு ஒன்று. தன் ஊர்ச் சொல்லை, தன் வீட்டு அடுப்படிச் சொல்லை, உலகத்தின் இன்னொரு மூலையில் ஒருத்தி அர்த்தம் தெரியாமலேயே இத்தனை வருடம் வாயில் வைத்திருந்திருக்கிறாள். அர்த்தம் தெரிந்த தனக்கு அது காதில்கூட விழாமல் போயிருந்தது.

“படத்துல அவன் தேடிப் போறான்ல?” என்றான் பசுபதி திடீரென்று.

“ஆமாங்க.”

“நான் போகல.”

அவள் நின்றாள். அவன் இரண்டு எட்டு முன்னால் போய்விட்டுத் திரும்பினான்.

“ரெண்டு வாரம் லீவு கெடச்சுது. சைனா விசாவுக்குக் கேட்டெல்லாம் வெச்சிருந்தேன். அப்பத்தான் என்ற அம்மா போன் பண்ணுச்சு. கோபில ஒரு பொண்ணு இருக்குது, சும்மா வந்து பாத்துட்டுப் போன்னு.” கண்ணாடியைக் கழற்றிக் கோட்டில் துடைத்தான். “நான் கோபிக்கு வந்தேன்.”

அந்த நாள் எழிலரசிக்கு நன்றாக நினைவிருந்தது. பஜ்ஜியைத் தொடவில்லை, தண்ணீர் மட்டும் இரண்டு டம்ளர் குடித்தான். கண் சிவந்து காய்ச்சல்காரன் மாதிரி இருந்தான். பையன் ரொம்ப அடக்கம் என்றாள் அத்தை. அவள் மட்டும் கதவிடுக்கில் பார்த்துத் தானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தாள், இந்த மனுசன் யாரையும் அதட்ட மாட்டான் என்று. அந்தக் கணிப்பு பலித்ததில் அவளுக்கு இத்தனை வருடமும் ஒரு சின்னப் பெருமை உண்டு. இப்போது யோசித்தால் அவள் கண்டது அடக்கமும் இல்லை, கூச்சமும் இல்லை.

“படத்துல அவ என்னைய நல்லவனாக்கிப் போட்டா,” என்றான் அவன்.

“நீங்க போயிருந்தாலும் அங்க அந்த ரோடு இருந்திருக்காதுங்க.”

“அந்த வருசம் இருந்துச்சு. இடிச்சது அடுத்த வருசம். அப்புறம் தேடிப் படிச்சுப் பாத்தேன்.”

ஒரு பஸ் வந்து நின்று, யாரும் ஏறாமல் கிளம்பியது. எழிலரசி தன் கையுறையில் ஒன்றைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டாள்.

“அந்த வீடு எங்க இருக்குதுங்க?”

“எதுக்கு அதெல்லாம்?”

“நான் பாக்கோணும்.”

“இந்தப் பக்கந்தான். ஜர்னல் ஸ்கொயர் ஸ்டேஷன் தாண்டி.”

“தெனமும் அந்த ஸ்டேஷன் வழியாத்தான போறீங்க?”

“போறேன். எறங்குனதில்ல.”

ஜர்னல் ஸ்கொயரில் எங்கு பார்த்தாலும் புதுக் கண்ணாடிக் கோபுரங்கள். கிரேன்களின் உச்சியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பழைய பேக்கரி இருந்த இடத்தில் நாய்களுக்கு முடி வெட்டும் கடை இருந்தது. அவன் ஒரு தெருவில் பாதி தூரம் போய்விட்டு, இது இல்லை என்று திரும்பினான். அடுத்த தெருவிலும் அப்படியே ஆயிற்று. கடைசியில் ஒரு மூலையில் கறுத்த கல் சர்ச்சைக் கண்டதும் அவன் நடை வேகமாயிற்று. சர்ச்சிலிருந்து ஒவ்வொரு வாசலாகக் கையை நீட்டிக்கொண்டே போனான். பாதி வழியில் வாசல்கள் முடிந்து, தெருவின் மீதியெல்லாம் ஒரே கட்டடமாக இருந்தது. நாற்பது மாடியாவது இருக்கும். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு பெரிய பூச்சாடி தெரிந்தது, பக்கத்தில் சூட் போட்ட காவலாளி.

அவன் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று இடமும் வலமும் பார்த்தான். பிறகு கையைத் தூக்கி, சுவரில் ஒரு உயரத்தைக் காட்டினான்.

“அங்க.”

எழிலரசி அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, அவன் விரல் போகிற திசையில் பார்த்தாள். கீழ் மாடிகள் முழுவதும் கார் நிறுத்துமிடம். இரும்புச் சட்டங்களுக்கு இடையே மங்கலாக வெளிச்சம் தெரிந்தது. மூன்றாவது தட்டில் வரிசையாகக் கார்களின் முகங்கள்.

“அடுப்பு எந்தப் பக்கமுங்க இருந்துச்சு?”

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு விரலைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினான். “அந்த மூலைல. ஜன்னலுக்குக் கிட்ட.”

அந்த மூலையில் ஒரு காரின் விளக்கு எரிந்தது. கார் மெதுவாகப் பின்னால் வந்து, திரும்பி, சட்டங்களுக்கு நடுவே வெளிச்சத்தை நீளமாக இழுத்துக்கொண்டு போனது. ஒரு தட்டு இறங்கியதும் மறுபடி தெரிந்தது, அடுத்த தட்டில் மறைந்தது. எந்தப் பக்கம் வெளியே வரும் என்று தெரியாமல் இருவரும் தெருவின் இரண்டு முனைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.